சொன்னால் கேட்பதில்லை என்று தாய் சொல்லும்போது

திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பக்கத்தில் முன்பள்ளி நடத்தும் நீங்கள் எழுதியதன் சாரம் இதுதான். உங்கள் வகுப்பில் நாலரை வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். வெளிமாவட்டத்தில் ஓரிடத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் அவனைச் சோதித்து, "மொழியை விளங்கும் திறன் இரண்டரை வயதுக்குரியது, கவனக்குறைவும் உண்டு" என்று அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். அந்த அறிக்கையை நம்பலாமா என்று கேட்கிறீர்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பிள்ளைக்குக் காதுப் பரிசோதனை எதற்கு என்பதும், வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன பாஷை கதைக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்றெல்லாம் பேச்சு மொழிச் சிகிச்சையாளர்களாகிய நாங்கள் துருவித் துருவி விசாரிப்பது ஏன் என்பதும் உங்கள் மற்றக் கேள்விகள்.

அறிக்கை பொய் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளைக்கு உண்மையாகவே மொழித் தாமதம் இருக்கலாம். ஆனால் நீங்கள் அனுப்பிய மூன்று பக்கங்களில் இரண்டு விடயங்களுக்குப் பதில் இல்லை. சோதனையின்போது சொல்லப்பட்ட சொற்கள் அவன் காதுக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்தனவா என்பது ஒன்று. அந்தச் சொற்கள் அவன் வீட்டுத் தமிழில் உள்ளவைதானா என்பது மற்றது. இவை தெரியாதவரை, அங்கே எழுதப்பட்டிருக்கும் "இரண்டரை வயது" அவனுடைய வயதா, சோதனைப் புத்தகத்தின் குறையா என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தின் ஒரு வரியிலிருந்தே தொடங்குகிறேன். "சொன்னாக் கேக்கிறானில்ல என்று உம்மா சொல்லுறா" என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் கேட்டல் என்ற ஒரே வினைச்சொல் மூன்று வேலை பார்க்கிறது. ஒலி செவியில் விழுவதும் கேட்டல், வினவுவதும் கேட்டல், சொன்னதற்குப் பணிவதும் கேட்டல். தாய் சொன்னது பணிவைப் பற்றியாக இருக்கலாம், செவியைப் பற்றியாகவும் இருக்கலாம். பெரும்பாலும் அவருக்கே அந்த வேறுபாடு தெளிவாக இருப்பதில்லை. ஆங்கிலத்தில் அச்சிட்ட விண்ணப்பத்தில் "கேள்வியில் (செவிப்புலனில்) பிரச்சினை உண்டா" என்ற கட்டத்தை மொழிபெயர்த்துக் கேட்டால், "இல்ல, நல்லாக் கேக்கும், ஆனாச் சொன்னாக் கேக்காது" என்று பதில் வரும். எழுதுபவர் முதற்பாதியைக் கேட்டு "இல்லை" என்று அடையாளமிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அந்த இடத்தில் நின்று நாலு கேள்வி கேட்க வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொன்னால் செய்கிறானா? அடுத்த அறையிலிருந்து மெல்லிய குரலில் அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தின் பெயரைச் சொன்னால் ஓடி வருகிறானா? ரிவியின் (தொலைக்காட்சியின்) சத்தத்தைக் கூட்டச் சொல்கிறானா? தடிமன் (சளி) பிடித்த கிழமைகளில் இது இன்னும் மோசமாகிறதா? கடைசிக் கேள்விக்கு "ஓம்" என்று பதில் வந்தால் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பார்ப்பேன்.

கூப்பிட்டால் திரும்புகிறான் என்பது காது முழுமையாக வேலை செய்கிறது என்பதற்குச் சான்றாகாது. பெயர் சொல்லிக் கூப்பிடும்போது நாம் உரத்து, நீட்டி, உயிரொலிகளை அழுத்திக் கூப்பிடுகிறோம். உயிரொலிகளும் ம், ன் போன்ற மெல்லின ஒலிகளும் குறைந்த அதிர்வெண்ணில் பலமாக ஒலிப்பவை. ஓரளவு கேள்விக் குறைவு உள்ள பிள்ளைக்கும் அவை எட்டும். கதவு அடிபடுவது, கோயில் மணி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, ஓட்டோவின் சத்தம் ஆகியவற்றுக்குத் திரும்புவதும் அப்படித்தான். பின்னால் நின்று கை தட்டிப் பார்க்கும் பழக்கம் இன்னும் மோசமானது. தட்டும்போது எழும் காற்றசைவும் சுவரில் விழும் நிழலும் பிள்ளைக்குச் செய்தி சொல்லிவிடும். ச், ஸ் போன்ற ஒலிகளின் வலு உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. ப், த் போன்றவை கணப்பொழுதில் வெடித்து மறைபவை. பேச்சை விளங்கிக்கொள்ள இவைதான் வேண்டும், முதலில் தொலைந்துபோவதும் இவைதான்.

இந்த வயதில் நான் அடிக்கடி காண்பது நடுக்காதில் நீர் கோத்து நிற்பது. சிறு பிள்ளைகளில் மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் கட்டையாகவும் கிடையாகவும் இருப்பதால், தடிமனோடு அது அடைபட்டு, செவிப்பறைக்குப் பின்னால் திரவம் தேங்குகிறது. வலி இராது, காய்ச்சல் இராது, சீழ் வடியாது. ஆகவே வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் ஏற்படும் குறைவு பொதுவாக 25 முதல் 30 டெசிபெல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) வரைதான். சாதாரண உரையாடல் ஒரு மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால், மடியில் இருக்கும் பிள்ளைக்கு உம்மாவின் பேச்சு மெலிந்தாவது கேட்கும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் குறையும் என்பதால், நாலு மீற்றர் தள்ளிக் கரும்பலகையடியில் நிற்கும் உங்கள் குரல் 12 டெசிபெல் இழந்தே அவனிடம் வருகிறது. சுவருள்ள அறையில் இழப்பு சற்றுக் குறையும் என்றாலும் இருபது பிள்ளைகளின் இரைச்சல் அந்த இலாபத்தை விழுங்கிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தக் குறைவு நிலையாக இராமல் ஏறி இறங்கும். ஒரு கிழமை கேட்கிறான், மறு கிழமை கேட்பதில்லை. அறிக்கையில் எழுதப்பட்டிருக்கும் "கவனக்குறைவு" இதுவாகவே இருக்கலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏறத்தாழ மூன்று மாதங்களில் நீர் தானாக வற்றிவிடும். வற்றாதவர்களுக்குத்தான் ஈ.என்.ரி (காது, மூக்கு, தொண்டை) வைத்தியர் செவிப்பறையில் சிறு குழாய் வைப்பது பற்றி யோசிப்பார். எந்த வகையாயினும், நீர் நிற்கும் கிழமையில் எடுத்த மொழிப் புள்ளியை வைத்துப் பிள்ளையின் அறிவை அளக்கக் கூடாது.

இதைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்தால் விடயம் இன்னும் துல்லியமாகும். நம் மொழியில் யார், எத்தனை பேர், எப்போது என்பதையெல்லாம் சொல்லின் வால் சுமக்கிறது. வந்தான், வந்தாள், வந்தார் என்பவற்றின் வேறுபாடு கடைசி ஒரு மெய்யொலியில் இருக்கிறது. வீட்டை, வீட்டில், வீட்டால் என்பவற்றையும் சொல்லின் ஈறுதான் பிரிக்கிறது. பேச்சில் அந்த வாலை நாம் அழுத்துவதில்லை, பாதி விழுங்கிவிடுகிறோம். மென்மையான கேள்விக் குறைவுள்ள பிள்ளைக்குச் சொல்லின் தலை தெரியும், வால் தெரியாது. படம், பட்டம் என்பவற்றையும் கல், கால் என்பவற்றையும் ஒலியின் நீளத்தைக் கொண்டு பிரித்தறியலாம். அது மங்கலாகக் கேட்பவனுக்கும் ஓரளவு கிடைக்கும். பல், பள் என்பது போல நாக்கு படும் இடத்தால் மட்டும் வேறுபடுபவைதான் அவனைக் குழப்பும். ஆகவே வேற்றுமை உருபுகளையும் வினைமுற்றுகளையும் விடுகிற பிள்ளையைக் கண்டால் இலக்கணக் குறைபாடு என்று எழுதுவதற்கு முன் செவியைச் சந்தேகிக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

காதுப் பரிசோதனை என்றால் என்ன நடக்கும் என்று தாய்க்கு நீங்கள் சொல்லிவைத்தால் பாதிப் பயம் போய்விடும். முதலில் விளக்குக் கருவியால் காதினுள் பார்ப்பார்கள். குறும்பி அடைத்திருக்கிறதா, செவிப்பறை ஓட்டையா, பாசிமணியோ புளியங்கொட்டையோ உள்ளே கிடக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். காது வடிந்தால் தேங்காய் எண்ணெய் காய்ச்சி விடுவதும் கோழி இறகால் துடைப்பதும் நம் வீடுகளில் உண்டு. அதைச் சொன்னால் ஏசுவார்கள் என்று தாய்மார் மறைப்பதும் உண்டு, ஆகவே கேட்கும் முறையில் கேட்க வேண்டும். அடுத்து நடுக்காதின் அழுத்தத்தை அளக்கும் கருவி. ஒரு காதுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பிள்ளை எதுவும் சொல்லவோ செய்யவோ தேவையில்லை. கோடு மலைபோல எழும்பினால் செவிப்பறை அசைகிறது. தட்டையாக ஓடினால் பெரும்பாலும் பின்னால் நீர். இந்தச் சோதனைக்கு மொழியும் இல்லை, மதமும் இல்லை என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். அதன் பிறகு ஒலிமானி. 1000, 2000, 4000 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் 20 டெசிபெல் அளவான ஒலியை ஒவ்வொரு காதுக்கும் கொடுத்து, கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையைப் பையினுள் போடச் சொல்வோம். கட்டைகள் விளையாடிப் பழகாத பிள்ளைகளுக்கு நான் சோகிகளை (சிறு கடற்சிப்பிகளை) கொடுப்பதுண்டு. சோகி கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கைவந்த சாமான். ஆனால் சிரட்டையில் போடவிட்டால் அந்தச் சத்தமே அடுத்த ஒலியை மூடிவிடும். துணிப்பைதான் சரி.

அறையும் ஒரு கருவிதான். கச்சான் என்னும் வெப்பக் காற்று அடிக்கும் மாதங்களில் விசிறியை நிறுத்தச் சொன்னால் எல்லோரும் என்னை முறைப்பார்கள். ஆனால் விசிறியின் இரைச்சல் தாழ்ந்த ஒலிகளை விழுங்குவதால் அது ஓடும் அறையில் எடுத்த பெறுபேற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெண்பிள்ளைகளையும் தாய்மாரையும் சோதிக்கும்போது, முக்காட்டின் மேல் செவிப்பொறியை (ஹெட்போனை) மாட்டினால் துணி ஒலியை மாற்றிவிடும் என்பதையும், கழற்றுவது அவர்களின் விருப்பத்துக்கும் மறைவான இடத்துக்கும் பெண் ஊழியர் ஒருவர் இருப்பதற்கும் உட்பட்டது என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். கொண்டைப் பூவும் தொங்கட்டானும் செவிப்பொறியை விலக்கும் என்பதும் இதே வகைச் செய்தி. சோதிப்பவர் முகக்கவசமோ முகத்திரையோ அணிந்திருந்தால் உதட்டசைவு மறைவதோடு உயர்ந்த அதிர்வெண் ஒலிகளும் மங்கும். காது குறைந்த பிள்ளைக்கு அது இரட்டை நட்டம்.

காதினுள்ளிருந்தே எழும் எதிரொலியைப் பதிவு செய்யும் கருவி ஒன்றும் இருக்கிறது. 1978இல் டேவிட் கெம்ப் என்ற ஆய்வாளர் கண்டறிந்த இந்த ஒலிகளை வைத்துத்தான் இன்று பிறந்த குழந்தைகளைப் பரவலாகச் சோதிக்கிறார்கள். முதல் மாதத்துக்குள் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் நிச்சயம் செய்தல், ஆறாம் மாதத்துக்குள் உதவி தொடங்குதல் என்பது உலகெங்கும் சொல்லப்படும் இலக்கு. ஆனால் பிறந்தபோது தேறிய பிள்ளை என்பதற்காக நாலு வயதில் விட்டுவிட முடியாது. நடுக்காது நீரும் மூளைக்காய்ச்சலும் சில பரம்பரைக் குறைபாடுகளும் பிறகு வருபவை. பிறந்த உடன் கடும் மஞ்சட்காமாலை கண்ட பிள்ளைகளில் சிலருக்கு உட்காது எதிரொலி கொடுத்தாலும் நரம்பு செய்தியை ஒழுங்காகக் கொண்டுபோகாமல் இருக்கும். அத்தகைய வரலாறு இருந்தால், நரம்பின் வழிச் செய்தி போவதை அளக்கும் சோதனையும் வேண்டும்.

இனி வீட்டு விடயம். உங்களுடைய மூன்றாவது கேள்விக்கு என் சொந்தத் தவறு ஒன்றையே பதிலாகச் சொல்லலாம். தொழிலுக்கு வந்த புதிதில் கிண்ணியாவிலிருந்து வந்த மூன்று வயதுப் பிள்ளை ஒன்றைச் சோதித்தேன். காகத்தின் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டேன். பிள்ளை படத்தைப் பார்க்கவே இல்லை. சற்றுக் கழித்துக் கதவைப் பார்த்து "காக்கா" என்றது. கேள்விக்குப் பிந்திய பதில், பார்வை பொருந்தவில்லை என்று இரண்டு குறிப்பு எழுதினேன். கதவடியில் அவனுடைய மூத்த சகோதரன் வந்து நின்றிருந்தான். கிழக்கு மாகாண முஸ்லிம் வீடுகளில் அண்ணன்தான் காக்கா. பிள்ளை மிகச் சரியான நேரத்தில், மிகச் சரியான ஆளை, மிகச் சரியான சொல்லால் கூப்பிட்டிருக்கிறது. தாய் சிரித்துக்கொண்டு சொல்லியிராவிட்டால் அந்தக் குறிப்பு இன்றும் அவனுடைய கோப்பில் இருந்திருக்கும்.

சொல் வேறுபாடு முதற்படி மட்டும்தான். தமிழ்நாட்டில் ஆக்கப்பட்ட படப் பட்டியலில் நாற்காலி, ஆரஞ்சு, பப்பாளி, வேர்க்கடலை இருக்கும். நம் பிள்ளை கதிரை, தோடம்பழம், பப்பாசி, கச்சான் என்பான்; கடலை என்றால் அவனுக்கு வேறொரு சாமான். சோறு போடும் தட்டைப் பீங்கான் என்னும் வீடும் உண்டு, கோப்பை என்னும் வீடும் உண்டு. விடைத்தாளை வைத்துக்கொண்டு பிழை போட்டால் பத்துப் படத்தில் நாலு போய்விடும். பன்றியின் படத்தைப் பெயர் சொல்லச் சொல்லி வற்புறுத்தினால் சில வீடுகளில் தாயின் முகம் மாறும், பிள்ளை அதைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளும். ஆட்டின் படம் இருக்கும்போது அந்தப் படம் எதற்கு?

ஒலிப்பில் இன்னும் கவனம் வேண்டும். நம் பகுதியில் ழகரம் பேச்சில் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது. பெரியவர்களே பளம் என்று சொல்லும் ஊரில் பிள்ளை பளம் என்றால் அது உச்சரிப்புக் குறைபாடு ஆகாது. றகர இரட்டையை (ற்ற) இந்தியத் தமிழர் ஒலிப்பது ஒரு விதம், நாம் ஒலிப்பது இன்னொரு விதம். ரிவி என்று நாம் எழுதுவதை வெளியார் எழுத்தைப் பார்த்து ரகரமாகவே வாசிப்பார்கள். நம் வாயில் அது நுனிநாக்கு வல்லொலி. இதை அறியாதவர் பிள்ளையின் ஒலியைக் கேட்டு ரகரத்துக்குப் பதிலாக வேறொன்றைச் சொல்கிறான் என்று எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். அறிக்கையில் "உச்சரிப்புப் பிழைகள்" என்ற தலைப்பின் கீழ் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று நீங்களே எடுத்துப் பாருங்கள். அந்தச் சொற்களைப் பிள்ளையின் காக்காவும் உம்மாவும் எப்படிச் சொல்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

இலக்கணத்துக்கும் இது பொருந்தும். ஆங்கிலச் சோதனையில் பன்மை ஈறு வரும் வயது பெரிய மைல்கல். தமிழில் "ரெண்டு மாங்காய்" என்பது முழுச் சரி. அஃறிணையில் கள் சேர்ப்பது பேச்சில் கட்டாயமில்லை. "இது வீடு" என்பதில் வினை இல்லை, ஆனாலும் வாக்கியம் முடிந்துவிட்டது. எழுவாயை விடுவதும் இயல்பு. "பிள்ளை வருகுது" என்று வளர்ந்தோரே செல்லமாக அஃறிணை முடிபில் சொல்லும் வழக்கில், தம்பியைக் குறித்து "அது அழுகுது" என்று சொல்லும் பிள்ளையிடம் திணை மயக்கம் என்று குறை காண்பது நகைப்புக்குரியது. ஆங்கிலச் சோதனையை வரிக்கு வரி மொழிபெயர்த்து, அந்த நாட்டுப் பிள்ளைகளிடம் கண்ட சராசரியோடு ஒப்பிட்டு, "இரண்டரை வயது" என்று எழுதுவது எந்தக் கணக்கிலும் சேராது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளைக் கொண்டு சராசரி கணிக்காத சோதனையின் புள்ளியை எழுத்தில் கொடுக்காமல், பிள்ளை என்ன செய்தான், என்ன உதவியோடு செய்தான் என்று விவரிப்பதே நேர்மை என்பது என் துணிபு.

சோதனை என்கிற சம்பவமே ஒரு பண்பாடு. தனக்குத் தெரிந்த விடயத்தையே பெரியவர் ஒருவர் பிள்ளையிடம் "இது என்ன, இது என்ன" என்று கேட்பது சில வீடுகளில் அன்றாட விளையாட்டு. சில வீடுகளில் அப்படி ஒருவரும் கேட்பதில்லை. பெரியவர் முகத்தை நேரே பார்க்காதே, அந்நியரிடம் வாய்காட்டாதே என்று வளர்த்த பிள்ளை என் மேசையில் குனிந்து மௌனமாக இருக்கும். அதே பிள்ளை வாசலில் மச்சானோடு சண்டை பிடிக்கும்போது முழு வாக்கியமாகப் பொழியும். தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய, அம்மம்மாவோ உம்மும்மாவோ வளர்க்கும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் பலர். அவர்களின் வளர்ச்சிக் கதையைத் தெரிந்தவர் கிளினிக்குக்கு வந்திருக்கும் சித்தப்பா அல்ல. யார் அந்தப் பிள்ளையோடு நாள் முழுக்கக் கதைக்கிறாரோ அவரை அழைத்து வரச் சொல்வதும் மதிப்பீட்டின் ஒரு பகுதியே. வைத்தியசாலையில் கேட்கும் எந்தக் கேள்விக்கும் மரியாதைக்காக "ஓம்" என்று தலையாட்டும் வழக்கமும் நமக்கு உண்டு, ஆகவே "ரெண்டு சொல் சேர்த்துக் கதைப்பானா?" என்று கேட்பதைவிட "நேற்றுப் பின்னேரம் உங்களிடம் என்ன கேட்டான், அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ" என்பது நல்ல கேள்வி.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. முஸ்லிம் வீடென்றால் இப்படி, தமிழ் வீடென்றால் இப்படி, சிங்கள வீடென்றால் இப்படி என்று பட்டியல் எழுதி வைத்துக்கொள்வதும் அறியாமையின் இன்னொரு வடிவம். உப்புவெளியில் கடைக்காரர் வீட்டுப் பிள்ளையும் குச்சவெளியில் கரைவலை இழுப்பவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே சமயத்தவர் என்பதால் ஒரே மொழிச் சூழலில் வளர்வதில்லை. வெருகலில், தங்களை வேடர் வழி வந்தவர்கள் என்று சொல்லும் குடும்பங்களைப் பற்றி நான் ஊகித்ததெல்லாம் பிழையாகிப்போனது. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

இருமொழி பற்றி உங்கள் கடிதத்தில் இல்லை என்றாலும் தாய் கேட்பார். பிள்ளை கைப்பேசியில் ஆங்கிலப் பாட்டுப் பார்க்கிறது, அடுத்த வீட்டில் சிங்களம் கேட்கிறது, அதனால்தான் பிந்துகிறதா என்று. இரண்டு மொழி கேட்பதால் மொழிக் குறைபாடு வராது. உண்மையான குறைபாடு இருந்தால் அது பிள்ளை அறிந்த எல்லா மொழியிலும் தெரியும். ஒன்றில் மட்டும் தெரிந்தால் அந்த மொழியைப் போதியளவு கேட்கவில்லை என்றுதான் பொருள். ஆகவே கந்தளாய், சேருவில பக்கத்திலிருந்து சிங்களம் பேசும் பிள்ளை வந்தால் நான் தமிழில் சோதித்து முடிவெழுத முடியாது. தமிழ்ப் பிள்ளை சிங்களம் மட்டும் தெரிந்த சிகிச்சையாளரிடம் போனாலும் அதே நிலைதான். மொழிபெயர்ப்பவர் வேண்டும். ஆனால் கையில் அகப்பட்ட சிற்றூழியரையோ பத்து வயது அக்காவையோ பிடித்தால், "பந்தை எடு" என்பதைக் கண்ணால் பந்தைக் காட்டிக்கொண்டே சொல்வார்கள், பிள்ளையின் குறைவாக்கியத்தை நிறைவாக்கியமாக்கி நமக்குத் தருவார்கள். முன்கூட்டியே பத்து நிமிடம் இருந்து, எதைச் சொல்ல வேண்டும், எதைத் திருத்தக் கூடாது என்று பேசிக்கொள்ளாத மொழிபெயர்ப்பு மதிப்பீட்டைக் கெடுக்கும்.

மறுமதிப்பீடு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், காது தெளிவான பிறகு குறைந்தது இரண்டு முறை, ஒன்று கிளினிக்கிலும் ஒன்று அவனுக்குப் பழகிய இடத்திலும் என்பேன். உடன்பிறப்போடு விளையாடவிட்டு அரை மணித்தியாலம் பேச்சைப் பதிவு செய்து, எழுதி எடுத்து, என்ன சொல்ல முயல்கிறான், எங்கே தடுக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அவனுக்குத் தெரியாத ஒரு சொல்லையோ அமைப்பையோ சற்று நேரம் கற்பித்து, மறுபடி கேட்க வேண்டும். படப்புத்தகத்தையே கண்டிராத பிள்ளை விரலால் தொட்டுக் காட்டும் வழக்கத்தை ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டு பாய்ந்து போகும். மொழிக் குறைபாடுள்ள பிள்ளை எவ்வளவு காட்டினாலும் தடுமாறும். இந்த வேறுபாட்டை ஒருமுறை எடுத்த புள்ளி ஒருநாளும் காட்டாது.

சொந்தத்தில் திருமணம் செய்தீர்களா என்ற கேள்வியைப் பற்றியும் ஒரு சொல். மச்சான் மச்சாள் கட்டுவது நம்மிடையே மூன்று சமூகத்திலும் உள்ள வழக்கம். சில பரம்பரைக் கேள்விக் குறைபாடுகள் தாயும் தகப்பனும் ஒரே மாறிய மரபணுவைச் சுமந்தால்தான் பிள்ளையில் வெளிப்படும் என்பதால் இதைக் கேட்காமல் விட முடியாது. ஆனால் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது, முதற்கேள்வியாக, குற்றம் கண்டுபிடிக்கும் தொனியில் கேட்டால் அடுத்த முறை அந்தத் தாய் வரமாட்டார். குடும்பத்தில் சிறு வயதிலிருந்தே காது மந்தமானவர்கள் யாராவது உண்டா என்று தொடங்கி மெல்லப் போகலாம். செவிடு, ஊமை என்ற சொற்களைப் பிள்ளையின் முன் சொல்லாதிருப்பது நாகரிகம் மட்டுமல்ல. தாய் அந்தச் சொல்லுக்குப் பயந்து காதுச் சோதனையையே மறுத்ததை நான் கண்டிருக்கிறேன்.

இதே ஒழுங்கு பெரியவர்களுக்கும் உண்டு. பாரிசவாதம் வந்த எழுபது வயது அப்பாவுக்குச் சொன்னது விளங்கவில்லை என்று எழுதுமுன், அவருக்கு வாதம் வருவதற்கு முன்பே காது எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். முதுமையில் உயர் ஒலிகள் குறைவது பொது. இங்கே அதோடு யுத்த காலத்துக் குண்டுச் சத்தமும், சட்டத்துக்குப் புறம்பாக டைனமைட் போட்டு மீன் பிடித்தவர்களின் காதும், சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடியவர்களின் காதும் சேர்ந்துகொள்கின்றன.

இப்போது உங்களால் செய்யக்கூடியது. தாயிடம் அறிக்கை பிழை என்று சொல்லாதீர்கள். அது இன்னும் முடியவில்லை என்று சொல்லுங்கள். அவனை உங்களுக்கு அருகில், விசிறிக்கும் யன்னலுக்கும் தள்ளி, உங்கள் முகம் தெரியும் இடத்தில் இருத்துங்கள். இரண்டு கிழமைக்கு, அவன் தவறவிட்ட அறிவுறுத்தல்களை, எந்தத் தூரத்திலிருந்து சொன்னீர்கள், முகம் பார்த்தானா, அன்று தடிமன் இருந்ததா என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். உதடு தெரியாதபடி கையால் வாயை மறைத்துக்கொண்டு, அரை மீற்றருக்குள், சாதாரண குரலில் ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லித் திருப்பிச் சொல்லச் செய்து பாருங்கள். பிறகு இரண்டு, நாலு மீற்றரில் செய்யுங்கள். டானியல் லிங் என்பவர் தெரிந்தெடுத்த இந்த ஒலிகள் பேச்சின் தாழ்ந்த நுனியிலிருந்து உயர்ந்த நுனிவரை பரந்திருப்பவை. இது பரிசோதனை அல்ல, சந்தேகத்துக்கு உருவம் கொடுக்கும் வழி. ஷ், ஸ் இரண்டும் தூரத்தில் மறைந்தால் அதையும் எழுதுங்கள்.

அந்தக் கொப்பியோடு, பிறந்தபோது கொடுத்த பிள்ளை சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு தாயை ஈ.என்.ரி கிளினிக்குக்கு அனுப்புங்கள். குறைமாதமா, மஞ்சட்காமாலைக்கு வைத்தியம் செய்தார்களா, எத்தனை நாள் விசேட பிரிவில் வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் தாய் மறந்திருந்தாலும் அதில் இருக்கும். போகிற அன்று மூக்கால் ஓடுகிறது என்று திரும்பி வந்துவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். தடிமனோடு இருக்கும் நாளில் நடுக்காது எப்படி இருக்கிறது என்பதும் நாங்கள் அறிய விரும்புவதுதான். ஆறிய பிறகு இன்னொரு முறை பார்த்து இரண்டையும் ஒப்பிடுவோம்.